விமானத்தை விடுங்கள், இன்ஜினைப் பாருங்கள்

கிழக்குப் பாலக்காட்டுக்காரர்களுக்கு ரேஷன் கார்டு கேரளத்துடையது, தலைக்கு மேலே போகும் விமானம் தமிழ்நாட்டுடையது. வேலந்தாவளத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ நின்றால், ஆகாய வழியில் சூலூர் விமானப்படைத் தளம் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கோவை பீளமேடு விமான நிலையமும் அந்தப் பக்கம்தான். அண்ணாந்து பார்க்காமலேயே சத்தத்தை வைத்து எந்த விமானம் என்று சொல்லிவிடுகிற பையன்கள் எங்கள் பக்கம் நிறைய. நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருநாள் கேட்டார். “ஏனுங்க தம்பி, ரஷ்யாக்காரன் பிளேனையெல்லாம் ஒவ்வொண்ணா ஒதுக்கிப் போட்டுட்டு அமெரிக்காக்காரன், ஐரோப்பாக்காரன்கிட்ட வாங்கறாங்களாமா? ரஷ்யா சாமான் அவ்வளவு மோசமுங்களா?”

சின்னக் கேள்விதான். பதில் சொல்ல உட்கார்ந்தால் இருட்டிவிட்டது. அவரிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விமானம் வாங்குகிறோம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் நாம் கட்டுப்படுவது இன்ஜினுக்கு. உடம்பும் இறக்கையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருஷம் ஓடும். எண்ணெய் குடிப்பது, சத்தம் போடுவது, தேய்வது, இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி எங்கோ அனுப்பப்படுவது எல்லாம் இன்ஜின். அந்த ‘எங்கோ’ எந்த நாட்டில் இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சூலூரிலிருந்தே ஆரம்பிப்போம். அங்கே விமானப்படையின் 33-ஆவது ஸ்குவாட்ரன் வைத்திருப்பது ஏஎன்-32. இறக்கைக்கு மேலே இரண்டு பெரிய இன்ஜின்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, கனத்த ரீங்காரத்தோடு போகுமே, அது. 1984-லிருந்து இந்தியா நூறுக்கும் மேல் வாங்கியது. விமானப்படை வைத்த பெயர் ‘சட்லெஜ்’. இதை எல்லோரும் ரஷ்ய விமானம் என்கிறார்கள். ஆனால் வடிவமைத்த அன்டோனவ் நிறுவனம் கீவ் நகரத்தில் இருக்கிறது. அதன் ஏஐ-20 இன்ஜின் ஜபோரீஷியாவில் உள்ள மோட்டார் சிச் தொழிற்சாலையின் சரக்கு. இரண்டும் உக்ரைன். 1991-இல் சோவியத் யூனியன் உடைந்தபோது குடும்பச் சொத்தைப் பிரித்த கதையாக ஆகிவிட்டது: ஒரு பட்டறை ஒரு நாட்டில், உதிரிபாகக் கிடங்கு வேறு நாட்டில், வரைபடம் இன்னொரு நாட்டில்.

2009-இல் நூறுக்கும் மேற்பட்ட ஏஎன்-32-களைப் புதுப்பிக்க உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டார்கள். சிலவற்றை அங்கே அனுப்புவது, மீதியை அங்கிருந்து வரும் பாகங்களைக் கொண்டு கான்பூர் விமானப்படைப் பணிமனையில் செய்வது என்று ஏற்பாடு. 2014-இல் கிரைமியா தகராறு வந்தது. பாகங்கள் வருவது தடுமாறியது. 2022-இல் முழுப் போரே வந்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் உக்ரைன் அரசு மோட்டார் சிச்சைப் போர்க்கால அடிப்படையில் தன் கையில் எடுத்துக்கொண்டது. எங்கோ நீப்பர் நதிக்கரையில் நடக்கும் சண்டைக்கும் சூலூரில் ஒரு விமானம் பறப்பதற்கும் சம்பந்தம் இப்படித்தான் வருகிறது.

இனி அந்த ரீங்காரத்துக்கு வருவோம். ஏஐ-20 பழைய மாதிரி டர்போபுராப். கம்ப்ரசர், டர்பைன், புரொப்பல்லர் எல்லாம் ஒரே தண்டில் கட்டப்பட்டவை. நடுவில் கியர்பாக்ஸ் மட்டும் உண்டு. அதனால் இன்ஜின் எப்போதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுழலும். கூடுதல் இழுவை வேண்டுமென்றால் எண்ணெயைக் கூட்டி, புரொப்பல்லர் இதழ்களின் சாய்வை மாற்றுவார்கள். தரையில் சும்மா நிற்கும்போதும் அதே கத்தல்தான்.

விமானப்படை புதிதாக வாங்கும் ஐரோப்பாவின் ஏர்பஸ் சி-295 வேறு வகை. அதில் இருப்பது கனடாவின் பிராட் அண்ட் விட்னி செய்த பிடபிள்யூ-127. கம்ப்ரசரைச் சுழற்றும் டர்பைன் வேறு, புரொப்பல்லரைச் சுழற்றும் டர்பைன் வேறு. இரண்டுக்கும் நடுவே சூடான காற்று ஒன்றுதான் தொடர்பு. இந்த வித்தியாசத்தைப் பார்க்க விமானப்படைத் தளத்துக்குள் போக வேண்டியதில்லை. இதே குடும்பத்து இன்ஜின்தான் இண்டிகோவின் ஏடிஆர்-72-இல் இருக்கிறது. ஆட்களை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது அதன் வலது பக்கத்தைக் கவனியுங்கள். புரொப்பல்லர் பிரேக் போட்டு அசையாமல் நிற்கும், உள்ளே இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டு ஏசிக்குக் காற்றும் விளக்குக்கு மின்சாரமும் கொடுக்கும். ஏஎன்-32-இல் இது நடக்காது.

குதிரைத்திறனை வைத்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஏஎன்-32-இன் ஒவ்வொரு இன்ஜினும் 5,000 குதிரைத்திறனுக்கு மேல். சி-295-இன் இன்ஜின் சுமார் 2,650. பாதிதான். ஆனால் ஏஎன்-32 தூக்கும் சரக்கு 6.7 டன், சி-295 அதிகபட்சமாக 9 டன் வரை தூக்கும். இதைப் படித்ததும் “பார்த்தீர்களா, ரஷ்யாக்காரன் எண்ணெயை வீணடித்தான்” என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவசரப்படாதீர்கள். அந்த உபரிச் சக்தி காற்று மெலிந்த மலை உச்சிகளுக்காகக் கேட்டு வாங்கியது. 2008 மே 31 அன்று லடாக்கில் 16,600 அடி உயரத்தில் இருக்கும் தௌலத் பெக் ஓல்டி ஓடுதளத்தில், 43 வருஷம் எந்த விமானமும் இறங்காமல் கிடந்த மண் தரையில், முதலில் போய் இறங்கியது ஏஎன்-32தான். சமவெளியில் வீண் என்று தெரிவது அங்கே உயிர். எந்த இன்ஜின் நல்லது என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, எங்கே போக என்பதைத்தான்.

நடுவில் ஒரு விஷயம். எங்கள் பக்கம் வேலிக்கு வைப்பார்களே காட்டாமணக்கு, அதன் விதை எண்ணெயிலிருந்து டேராடூன் பெட்ரோலிய ஆய்வகம் விமான எரிபொருள் தயாரித்தது. 2018 டிசம்பரில் அதை 10 சதவீதம் கலந்து இந்திய ராணுவ விமானம் ஒன்று முதல்முறையாகப் பறந்தது. தேர்ந்தெடுத்த விமானம் இதே ஏஎன்-32. அடுத்த மாதம் குடியரசு தின அணிவகுப்பிலும் பறந்து காட்டினார்கள். கிழட்டு இன்ஜின் முகம் சுளிக்காமல் குடித்தது. இதை நான் மரியாதையோடுதான் சொல்கிறேன்.

சோகமும் உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 வங்காள விரிகுடாவின் மேல் 29 பேரோடு காணாமல் போனது. சூலூர் ஸ்குவாட்ரனின் விமானம் அது. ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஆளில்லா நீர்மூழ்கியை இறக்கி, கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைக் கண்டுபிடித்தது. இதற்கு இன்ஜின்தான் காரணம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். விமானத்தின் வயதையும் விபத்தையும் சும்மா முடிச்சுப் போடுவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்கிற அநியாயம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சி-295 வாங்குவது ஏஎன்-32-க்குப் பதிலாக அல்ல, ஆவ்ரோவுக்குப் பதிலாக. ஆவ்ரோ பிரிட்டிஷ் விமானம், ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் இன்ஜின். இடுக்கி எல்லைக்காரர்களில் வயசானவர்களுக்கு அந்தப் பெயர் வேறு விதத்தில் ஞாபகம் இருக்கும். 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ சின்னமனூருக்கு மேலே மேகமலையில் மோதியது. விமானப்படைக்கு மொத்தம் 56 சி-295-கள். பதினாறு ஸ்பெயினிலிருந்து வந்தவை, நாற்பதை வதோதராவில் டாடா செய்கிறது. முதல் விமானம் 2023 செப்டம்பரில் கைக்கு வந்தது. ஏஎன்-32-இன் இடத்துக்கு யார் என்பதற்கு அமெரிக்க சி-130ஜே, பிரேசிலின் சி-390, ஐரோப்பிய ஏ-400எம் என்று போட்டி. முன்பு ரஷ்யாவோடு கூட்டாக ஒரு சரக்கு விமானம் செய்யும் திட்டம் இருந்தது. இன்ஜின் விஷயத்தில் இழுபறி என்று அப்போதே செய்திகள் வந்தன. பத்து வருஷம் பேசிவிட்டுக் கைவிட்டார்கள்.

பயணிகள் விமானத்தில் ரஷ்யச் சரக்கு நம் ஊரில் வேரூன்றவே இல்லை. கடைசியாகப் பலருக்கு ஞாபகம் இருக்கக்கூடியது 1993. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்ததால் உஸ்பெகிஸ்தானிலிருந்து டியூ-154 விமானங்களை ஆளோடு சேர்த்து வாடகைக்கு எடுத்தார்கள். ஜனவரி 9 அன்று ஐதராபாத்திலிருந்து வந்த ஒன்று டெல்லிப் பனிமூட்டத்தில் இறங்கும்போது தலைகீழாகப் புரண்டு தீப்பிடித்தது. உள்ளே இருந்த 165 பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ரஷ்ய விமானம் என்றாலே கட்டை, ஆனால் கெட்டி என்று சொல்பவர்கள் இதைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். நான் இழுக்க மாட்டேன், அது அதிர்ஷ்டம்.

ஆனால் டியூ-154 ஒரு பாடம் சொல்கிறது. வாலில் மூன்று இன்ஜின், ஏறுவது 160 சொச்சம் பேர். இன்று கோவையிலிருந்து சென்னைக்கோ மும்பைக்கோ போகும் ஏ-320 இரண்டே இன்ஜினில் 180 பேரைக் கொண்டுபோகிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஜெட் இன்ஜின் காற்றைப் பின்னால் தள்ளித்தான் முன்னே போகிறது. கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளலாம், நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளலாம். ஊதுகுழலில் ஊதுவதற்கும் முறத்தால் விசிறுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. தள்ளுகிற விசை ஒன்றாக இருந்தாலும், முறக்காரனுக்கு எண்ணெய்ச் செலவு குறைவு, சத்தமும் குறைவு. முன்னால் இருக்கும் பெரிய விசிறி தள்ளும் காற்றில் எவ்வளவு நடுவில் எரியாமல் சுற்றிக்கொண்டு போகிறது என்பதை ‘பைபாஸ்’ கணக்கால் சொல்வார்கள். முதல் டியூ-154-களின் இன்ஜினில் அது ஒன்றுக்கு ஒன்று. பின்னால் வந்ததில் இரண்டரைக்கும் குறைவு. இன்று ஏ-320 நியோவில் இருக்கும் லீப் இன்ஜினில் 11, பிராட் அண்ட் விட்னி இன்ஜினில் 12. வேறு ரகசியம் எதுவும் பெரிதாக இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய விசிறியைச் சுழற்ற நடுவில் இருக்கும் சின்ன உலை பயங்கரச் சூட்டில் வேலை செய்ய வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் டர்பைன் இதழைச் செய்யத் தெரிந்த நாடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. இந்தியா இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை.

ரஷ்யாவுக்குப் பதில் மேற்கு என்ற மாற்றத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் அரக்கோணத்துக்குப் போக வேண்டும். ஐஎன்எஸ் ராஜாளி. 1992 மார்ச்சில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் திறந்துவைத்த கடற்படை விமானத் தளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் இறங்க இடம் கொடுத்ததும் இதே ராஜாளிதான்.

இங்கே இருந்தது டியூ-142. நீர்மூழ்கிகளைத் தேடி மணிக்கணக்கில் கடலைச் சுற்றுகிற ராட்சசன். 1988-இல் எட்டு வாங்கினோம். முதலில் கோவா, பிறகு அரக்கோணம். அதன் என்கே-12 இன்ஜினைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன். அப்படி நான்கு. ஒரே இன்ஜினில் இரண்டு புரொப்பல்லர் ஒன்றன்பின் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சுழலும்; விட்டம் 5.6 மீட்டர். விமானம் முழு வேகத்தில் போகும்போது இதழின் நுனி ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும், அதனால்தான் அந்தக் காது கிழியும் சத்தம். உலகத்தில் வேலைக்கு வந்த டர்போபுராப்களிலேயே பலசாலி இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் பிடித்துக்கொண்டு போன ஜெர்மானிய, ஆஸ்திரியப் பொறியாளர்கள், பெர்டினாண்ட் பிராண்ட்னர் தலைமையில், குஸ்நெத்சோவின் பட்டறையில் போட்ட அடித்தளம் அது. (ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: இடுக்கியில் வண்டிப்பெரியாறுக்குப் பக்கத்தில் சத்திரம் என்ற இடத்தில் என்சிசி மாணவர்களுக்கு 650 மீட்டர் ஓடுதளம் போட்டிருக்கிறார்கள். 2022 டிசம்பர் 1 அன்று அங்கே முதலில் இறங்கிய குட்டி விமானத்தின் இன்ஜின் 80 குதிரைத்திறன்.)

இதே என்கே-12-ஐ வைத்து டியூ-114 என்று ஒரு பயணிகள் விமானமும் செய்தார்கள். 1959-இல் குருஷேவ் அதில்தான் அமெரிக்கா போனார். புரொப்பல்லர் பெரிசு, அதனால் சக்கரக் கால் உயரம். வாஷிங்டனில் இருந்த படிக்கட்டு கதவுக்கு எட்டவில்லை. ரஷ்யாக்காரன் குண்டுவீச்சு விமானத்திலிருந்து பயணிகள் விமானம் செய்தான். அமெரிக்காக்காரன் நேர்மாறு: பயணிகள் விமானமான போயிங் 737-800-ஐ எடுத்து, கடலுக்குள் தேடும் பி-8 ஆக மாற்றினான். அதன் இந்திய வடிவம் பி-8ஐ. 2009-இல் ஒப்பந்தம், 2013 மே மாதம் முதல் விமானம் அரக்கோணம் வந்தது. 2017 மார்ச் 29 அன்று டியூ-142-க்கு விடை கொடுத்தார்கள். 29 வருஷம், சுமார் 30,000 மணி நேரம், ஒரு விபத்துகூட இல்லை. இதே வழியில் 2023 அக்டோபரில், கோவாவில் இதே வேலை பார்த்த இல்-38-ம் போனது. அது இல்-18 என்ற பயணிகள் விமானத்தின் தம்பி, இன்ஜின் நம் சூலூர் ஏஎன்-32-இன் அதே ஏஐ-20 வகை.

பி-8ஐ-இன் இன்ஜின் சிஎஃப்எம்-56. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பிரான்சின் ஸ்னெக்மாவும் 1974-இல் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனியின் சரக்கு. நடுவில் இருக்கும் சூட்டு உலை அமெரிக்காவின் பி-1 குண்டுவீச்சு விமான இன்ஜினிலிருந்து வந்தது. இந்த ரகசியம் பிரான்சுக்குக்கூடப் போகக்கூடாது என்று அமெரிக்க அரசு முதலில் மறுத்தது. 1973-இல் ரெய்க்யவிக்கில் நிக்சனும் பாம்பிடூவும் உட்கார்ந்து பேசித்தான் முடிந்தது. அதுவும் எப்படி? உலையை அமெரிக்காவிலேயே செய்து அனுப்புவோம் என்ற நிபந்தனையோடு. கூட்டாளிக்கே இந்த நிலைமை என்றால் நம் இடம் எது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புதியது எல்லாவற்றிலும் ஜெயிக்கவில்லை. டியூ-142 எண்ணெய் போடாமல் 12,000 கிலோமீட்டர் வரை போகும். பி-8ஐ சுமார் 8,000 போனால் பெரிசு. ஆனால் டியூ-142-ஐப் பெரிய பழுதுபார்ப்புக்கு அசோவ் கடலோரம் தகன்ரோக் வரை அனுப்ப வேண்டியிருந்தது. பி-8ஐ-இன் இன்ஜின் உலகம் முழுவதும் 737-களில் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. பாகம், ஆள், அனுபவம் மூன்றும் சந்தையில் கிடைக்கும். சோவியத் வழக்கத்தில் இத்தனை மணி ஓடியதும் இன்ஜின் நன்றாக இருந்தாலும் கழற்றித் தொழிற்சாலைக்கு அனுப்பியாக வேண்டும். மேற்கத்திய வழக்கத்தில் சூடு, அதிர்வு, மசகு எண்ணெயில் உலோகத் துகள் எல்லாவற்றையும் கண்காணித்து, தேவைப்படும்போது கழற்றுகிறார்கள். அரக்கோணத்தில் மேற்கு ஜெயித்ததற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

அதற்காக மேற்கே போனால் நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் திவாலானது. தன் ஏ-320 நியோ விமானங்களில் 25, ஏறக்குறைய பாதி, பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கோளாறால் தரையில் கிடக்கின்றன என்பது அது சொன்ன காரணம். அதே வருஷம் ஜூலையில், டர்பைன் வட்டு செய்யப் பயன்படுத்திய உலோகத் தூளில் அசுத்தம் கலந்திருந்ததாக அந்த இன்ஜின் கம்பெனியே அறிவித்தது. இண்டிகோவும் டஜன் கணக்கில் விமானங்களை நிறுத்தியது. பைபாஸ் 12 என்று மேலே புகழ்ந்தேனே, அதே இன்ஜின்தான்.

சூலூரிலேயே இன்னொரு உதாரணம். அங்கே இருக்கும் 45-ஆவது ஸ்குவாட்ரன் முன்பு மிக்-21 ஓட்டியது, இப்போது தேஜஸ். உடம்பு பெங்களூரு எச்ஏஎல் செய்தது, இன்ஜின் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்-404. அடுத்த ரகத் தேஜசுக்கு 2021-இல் 99 இன்ஜின் கேட்டோம். முதல் இன்ஜின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். நடுவில் மூடியிருந்த உற்பத்தி வரிசையைத் திரும்ப ஓட்ட வேண்டியிருந்ததாம். சண்டையும் இல்லை, தடையும் இல்லை. வரிசையில் நம் முறை வரவில்லை, அவ்வளவுதான். ரஷ்ய விமானக் கம்பெனிகளின் அனுபவம் இதைவிட மோசம். 2022-க்குப் பிறகு அவர்களுடைய போயிங், ஏர்பஸ்களுக்கு ஒரு போல்ட்டுகூட முறைப்படி வருவதில்லை.

இந்த நேரத்தில்தான் 2025 அக்டோபரில் எச்ஏஎல் மாஸ்கோவில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறது. எஸ்ஜே-100 என்ற ரஷ்யப் பயணிகள் விமானத்தை இந்தியாவில் செய்வதற்கு. எச்ஏஎல் கணக்குப்படி அது முழுப் பயணிகள் விமானம் செய்தது இதற்கு முன் ஆவ்ரோதான். அது 1988-இல் முடிந்துவிட்டது. சேலம், தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்கு நூறு சீட்டுக்குள் ஒரு ஜெட் வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எஸ்ஜே-100-இன் முந்தைய வடிவம் பிரான்சும் ரஷ்யாவும் சேர்ந்து செய்த இன்ஜினோடு வந்தது. மெக்சிகோவின் இன்டர்ஜெட் இருபதுக்கும் மேல் வாங்கி, பாகம் கிடைக்காமல் ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றுக்கு மாட்டி ஓட்டியது. இப்போது அதற்குப் பதில் பிடி-8 என்ற முழு ரஷ்ய இன்ஜின். பல வருஷம் பயணிகளோடு ஓடித் தேறிய இன்ஜின் அல்ல அது.

2025 நவம்பரில் ஐதராபாத்தில் லீப் இன்ஜின்களுக்கு பிரான்சின் சாஃப்ரான் ஒரு பெரிய பழுதுபார்ப்புக் கூடம் திறந்தது. ஏ-320 நியோ எத்தனை வாங்கினாலும் லீப் இன்ஜினுக்குப் போக இனி உள்ளூரில் ஓர் இடம் இருக்கிறது. பிடி-8-க்கும் அப்படி ஒன்றை, எழுத்து மூலமாக, இந்திய மண்ணில், பாகக் கிடங்கோடு தருகிறோம் என்று ரஷ்யா ஒப்பந்தத்தில் போடுகிறவரை எச்ஏஎல் இதில் பணம் போடக்கூடாது என்பது என் முடிவு. வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்ஜினுக்குக் கையெழுத்து வாங்காமல் விமானத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன். இதில் மாற்றுக் கருத்து இருந்தால், குறிப்பாக அரக்கோணத்திலோ சூலூரிலோ கான்பூரிலோ இந்த இன்ஜின்களைக் கையால் தொட்டு வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கட்டாயம் எழுதுங்கள்.